நாலாவது டிராக்

பாட்டுப் பதிவில் லக்ஷ்மிநாராயணனுக்கு இரண்டு ஆசைகள். பாடுகிறவரின் ஒவ்வொரு எழுத்தும் பிசிறில்லாமல் காதில் விழ வேண்டும். அதே பாட்டு பெரிய கோயில் மண்டபத்தில் நின்று பாடியது போல விரிந்தும் கேட்க வேண்டும். இந்த இரண்டும் மாமியார் மருமகள் மாதிரி, ஒன்றைக் கொஞ்சினால் மற்றது முகத்தைத் தூக்கிக்கொள்ளும். மட்டாஞ்சேரியில் ஒரு மாடியறையைப் பிடித்து, சுவரெல்லாம் முட்டை அட்டை ஒட்டி, பக்திப் பாட்டு கேசட் போட்டுக்கொண்டிருந்த அந்தப் பாலக்காட்டு ஐயர் இரண்டையும் ஒரே வீட்டில் குடிவைத்திருந்தார் என்றால், அதற்குக் காரணம் அடுத்த கட்டடமான மிளகு குடோன்தான்.

குடோனின் ஒரு கோடியில் ஸ்பீக்கர், மறுகோடியில் மைக். மாடியில் பாடுகிற குரல் கம்பி வழியாக ஸ்பீக்கருக்குப் போகும். பழைய சுவர்களில் மோதி அது திரும்புவதை மைக் பிடித்து மாடிக்கு அனுப்பும். டேப்பில் நாலு டிராக். நாலாவதில் இந்தக் குடோன் சத்தம் மட்டும் தனியாகப் பதியும். கடைசியில் அதைப் பெருங்காயம் போல ஒரு சிட்டிகை எடுத்துக் குரலுக்கு அடியில் கலப்பார். மெட்ராஸ்காரர்களே, "இது எந்த மிஷின் ஐயரே?" என்று கேட்டிருக்கிறார்கள். ஐயர் சிரித்து மழுப்பிவிடுவார்.

மிஷினின் பெயர் இசக்கிமுத்து. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து அந்தக் குடோனில் மூட்டை தூக்கியவன். ஞாயிற்றுக்கிழமை குடோனுக்கு விடுமுறை என்றால் அவனுக்கு ஐயரிடம் வேலை. மைக்கை எங்கே வைத்தால் குரல் எவ்வளவு தள்ளி நிற்கும் என்பது ஐயருக்கு அடுத்தபடி அவனுக்குத்தான் தெரியும். குடோன் சாவியும் அவன் இடுப்பில்தான்.

எண்பத்து நாலாம் வருஷம் மார்ச் மாதத்து ஞாயிறு ஒன்றில் கனகாம்பாள் என்ற பாடகி வந்திருந்தாள். ஒத்திகை குடோன் ஸ்பீக்கரில் அலறிக்கொண்டிருந்தது, டேப்பும் அப்போதே ஓடிக்கொண்டிருந்தது. ஐயருக்குத் திருப்தியில்லை. குரல் சுவரோடு ஒட்டிக்கொண்டு நிற்கிறதாம். இடையில் மாடி மைக்கை இழுத்து ஸ்பீக்கர் வழியாகவே கட்டளையிட்டார்.

"இசக்கி, இன்னும் ஒரு நாலடி பின்னாடி கொண்டுபோடா. மூட்டைக்கு அந்தப் பக்கம். நேக்கு ஆழம் போறலை."

நாலடி நகர்ந்தது. குரல் மண்டபத்துக்குள் போய் நின்றது. ஐயர் தொடையில் தட்டிக்கொண்டார்.

"போதும். கதவைச் சாத்திண்டு வந்துடு."

அவர் சொல்லி வாய் மூடவில்லை, தொம்மென்று கதவு சாத்துகிற சத்தம் வந்தது. தெருவின் இரைச்சல் முழுக்க அறுந்தது. அப்படி ஒரு அமைதி அந்தக் குடோனில் அதுவரை அவருக்குக் கிடைத்ததில்லை. சமர்த்தன், சொன்னவுடன் செய்துவிட்டான் என்று நினைத்தார்.

மணி பதினொன்று. முதல் டேக் பாதியில் இருக்கும்போது குடோன் பக்கமிருந்து தட், தட் என்று வந்தது. பக்கத்தில் எங்கோ லாரியில் சரக்கு ஏற்றுகிறார்கள், ஞாயிற்றுக்கிழமைகூட இவர்களுக்கு விடிவில்லை என்று ஐயர் முணுமுணுத்தார். காதில் விழாதபடி நாலாவது டிராக்கின் குமிழைக் கீழே இறக்கினார். அவர் கேட்பதுதான் குறைந்தது. டேப் தன்பாட்டுக்கு எல்லாவற்றையும் பதிந்துகொண்டிருந்தது. மூன்று டேக் முடிந்தபோது மணி ஒன்றரை. இசக்கிமுத்து திரும்பி வரவில்லை. கள்ளுக்கடைக்குப் போயிருப்பான் என்று ஐயர் அறையைப் பூட்டிக்கொண்டு சாப்பிடப் போனார்.

திங்கட்கிழமை சாயங்காலம் இசக்கிமுத்துவின் மனைவி பேச்சி ஐயர் வீட்டுக்கே தேடி வந்தாள். "அவிய ராவும் வரல, பகலும் வரல சாரே."

"அவன் ஞாயித்துக்கிழமை பதினோரு மணிக்கே போயிட்டானே" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. அப்படித்தான் நம்பினார்.

செவ்வாய்க்கிழமை குடோன் கதவிடுக்குகளில் காகிதம் ஒட்டியிருப்பதைப் பார்த்தார். பூச்சி சாக மருந்து வைத்திருக்கிறார்கள், புதன்கிழமைதான் திறப்பார்கள் என்று சாயாக்கடையில் சொன்னார்கள். உள்ளே இருக்கும் தன் மைக்குக்கு ஒன்றும் ஆகக்கூடாதே என்றுதான் அப்போதும் அவர் கவலைப்பட்டார்.

புதன்கிழமை திறந்தார்கள். உள்ளே இசக்கிமுத்து கிடந்தான்.

மருந்து வைக்கிறவர்கள் திங்கட்கிழமை வர வேண்டியவர்கள், ஞாயிறே வந்துவிட்டார்களாம். பூட்டு திறந்து தொங்கியிருக்கிறது. உள்ளே ஆளுண்டோ என்று ஒரு குரல் கொடுத்தார்களாம். பாட்டுச் சத்தத்தில் யாருக்குக் கேட்கும்? விஷப்புகை கிளப்புகிற மாத்திரைகளைப் பரப்பிவிட்டு, கதவை இழுத்துப் பூட்டி, காகிதம் ஒட்டிவிட்டுப் போய்விட்டார்கள். அவன் கத்தியதைத் தெருவில் கேட்டவர்களும் இருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமையானால் அந்தக் குடோன் கத்துவது வழக்கம்தானே என்று இருந்துவிட்டார்கள்.

போலீஸ் பேச்சியிடம் விசாரித்தது. பதினோரு மணிக்கே போய்விட்டான் என்று ஐயர் சொன்னதை அவள் அப்படியே சொன்னாள். போனவன் திரும்பி எதற்கு உள்ளே வந்தான்? இடுப்பில் சாவி வேறு. மிளகு திருட வந்து பதுங்கியவன் என்று முதலாளி சொன்னார், போலீஸ் எழுதிக்கொண்டது. மூட்டை தூக்குகிறவர்களின் சுமட்டுத் தொழிலாளர் சங்கம் திருடனுக்குக் கொடி போர்த்த மறுத்துவிட்டது. வெறும் வேட்டி போர்த்தித்தான் எடுத்துப் போனார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

வியாழக்கிழமை மத்தியானம் ஐயர் அறையைச் சாத்திக்கொண்டு, மூன்று டிராக்குகளையும் அடைத்துவிட்டு நாலாவதை மட்டும் ஓடவிட்டார்.

மைக் ஸ்டாண்டு தரையில் உரசியது. கதவு தொம்மென்றது. சத்தம் எத்தனை அடியிலிருந்து வருகிறது என்று சொல்லிவிடுகிற காது அவருக்கு. முதலில் தட்டியது கதவில், நாற்பதடி தள்ளி. பிறகு செருப்பில்லாத கால்கள் ஓடி வந்தன. முப்பதடி, இருபதடி, பத்தடி. இசக்கிமுத்துவுக்குத் தெரியும், கதவுக்குக் காதில்லை, மைக்குக்கு உண்டு என்று. எதிரொலியே இல்லாமல், காதோடு காதாக அவன் குரல் வந்தது.

"சாரே, நான் உள்ள இருக்கேன். கதவப் பூட்டிட்டாங்க."

இரண்டாவது டேக்கில், "சாரே, அழுகின பூண்டு மாதிரி நாத்தம் வருது" என்றான். மூன்றாவதில் இருமல்தான் அதிகம். நடுநடுவே "சாரே". பின்னால் தூரத்தில் கனகாம்பாள் விஸ்தாரமாகப் பாடிக்கொண்டிருந்தாள். ஐயர் ஆயுசு முழுக்கத் தேடியது அதுதான். பக்கத்தில் தெளிவாக ஒரு குரல், அதற்குப் பின்னால் ஆழம். டேப்பை ஆரம்பத்துக்கே சுற்றினார். பிறகு அழித்துவிடுகிற பட்டன் மேல் விரலை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். அழுத்தினால் அவர் தப்பித்தார். செத்தவன் வந்து சாட்சி சொல்லப்போவதில்லை. அவன் திருடனாகவே இருந்துவிட்டுப் போவான்.

வெள்ளிக்கிழமை காலை பேச்சிக்கு ஆள் அனுப்பினார். அவள் தரையில் உட்கார்ந்து முழுவதையும் கேட்டாள். அழவில்லை. டேப் நின்றதும் கேட்டாள்.

"அவிய உள்ள போனது நீங்க அனுப்பித்தானா?"

"ஆமாம். நான்தான் மைக்கைத் தள்ளி வைக்கச் சொன்னேன்."

"அன்னைக்கு இந்தச் சத்தம் உங்களுக்குக் கேக்கலையா?"

"கேட்டுது."

"கேட்டு என்ன செஞ்சிய?"

ஐயர் குமிழைக் காட்டினார். "இதைக் கொறச்சேன். பாட்டுக்கு இடைஞ்சலா இருந்துது."

பேச்சி அந்தக் குமிழைப் பார்த்தாள். பிறகு எழுந்து, "ஸ்டேஷனுக்கு வாங்க. எங்கிட்டச் சொன்னத அங்க சொல்லுங்க" என்றாள்.

டேப் மிஷின் கனமானது. எப்போதும் அதைத் தூக்கியவன் இசக்கிமுத்துதான். ஐயர் ஒரு பக்கம் பிடித்துப் பார்த்துத் தடுமாறினார். பேச்சி முந்தானையைச் சும்மாடாகச் சுற்றித் தலையில் வைத்தாள். அவர் தூக்கிவிட, வாங்கிக்கொண்டாள். படியில் ஒரு கால் வைத்தவள் திரும்பாமலே சொன்னாள்.

"அங்க போட்டுக் காட்டும்போது கொறச்சிராதிய."

ஐயர் டேப்பை மார்போடு அணைத்துக்கொண்டு அவள் பின்னால் இறங்கினார்.