சாயக்கூடாத சுவர்

மீன்சந்தைக் கூடத்தின் தெற்குச் சுவர் பளீரென்று இருந்தது. அதுதான் எங்கள் பிரச்சினை.

சிக்ஸ்டன் எங்கள் பெயிண்ட் கம்பெனியின் ஆய்வுக்கூடத் தலைவர். நான் வேதியியல் மாணவன். அவரிடம் பயிற்சிக்கு வந்து, இதுவரை காபி போடப் பயின்றிருந்தேன். எங்கள் பெயிண்ட் அடித்து இரண்டு வருடமான அந்தச் சுவருக்கு அன்று உத்தரவாதச் சோதனை. தேறாவிட்டால் சிக்ஸ்டனுக்கு வேலை போய்விடும். உள்ளறைக்கான வெள்ளைத்தூளையே வெளிச்சுவருக்கும் கலக்கலாம் என்று ஒப்புக்கொண்டவர் அவர்தான்.

பெயிண்டுக்கு நிறம் தரும் வெள்ளைத்தூளில் ரகங்கள் உண்டு. வெளிச்சுவருக்கானதில் ஒவ்வொரு துகளும் உறை போட்டிருக்கும். எங்களுடையது அம்மணம். வெயிலும் ஈரமும் பட்டால், தன்னைப் பிடித்துவைத்திருக்கும் பிசினையே அரித்துவிடும். அப்புறம் சாக்பீஸ் தூளாய் உதிர வேண்டியதுதான். வெள்ளைமேல் வெள்ளை என்பதால் கண்ணுக்குத் தெரியாது. தொட்டால் தெரியும்.

"யாரும் தொடாம பாத்துக்கோ, தம்பி."

"'பெயிண்ட் காயலை'ன்னு பலகை வச்சிடலாமா?"

"ரெண்டு வருஷமாவா?"

அவர் வானத்தைப் பார்த்தார். மேகம் மூடியிருந்தது. ஸ்வீடனில் ஏப்ரல் மாதம் மேகத்துக்காக வேண்டிக்கொண்ட ஒரே மனிதர் அவராகத்தான் இருக்கும்.

சோதனைக்கு நகராட்சியிலிருந்து குன்வோர் வந்தார். கழுத்து முதல் முழங்கால்வரை கறுப்புக் கம்பளிக் கோட்டு. எட்ட நின்றே சுவரைக் கண்ணால் மேய்ந்தார். விரிசல் இல்லை, கொப்புளம் இல்லை. வண்ண அட்டையைத் தூக்கிப் பிடித்து ஒப்பிட்டார்.

"புதுசு மாதிரியே இருக்கே!"

சிக்ஸ்டன் சிரிக்க முயன்றார். உதடு மட்டும் ஒத்துழைத்தது. குன்வோர் பேனா மூடியைக் கழற்றினார். அப்போது மேகம் விலகியது.

மாதக்கணக்கில் இருட்டில் கிடந்தபின் வெயில் வந்தால் எங்கள் ஊரில் யாரும் யோசிப்பதில்லை. தெற்குச் சுவர் எங்கே என்று உடம்புக்கே தெரியும். பேருந்துக்குக் காத்திருந்தவர்கள், மீன் விற்கும் பெண், நாயோடு ஒரு பாதிரியார், எல்லாரும் வந்து வரிசையாகச் சாய்ந்தார்கள். ஆளுக்கு ஆள் மரியாதையான இடைவெளி, மூடிய கண், வானத்துக்குக் கொடுத்த முகம். எல்லாரும் கறுப்பு உடுப்பு. பாதிரியாருக்காவது காரணம் இருந்தது.

"கையெழுத்தைப் போட்டுட்டு வெயில் காயலாமே," என்று உளறினேன்.

"கையெழுத்து எங்கயும் ஓடாது. வெயில் ஓடிடும்," என்றபடி குன்வோர் சுவரை நோக்கி நடந்தார்.

சிக்ஸ்டனைப் பார்த்தேன். வாயைத் திறந்தால் வேலை போகும். திறக்காவிட்டால் பிழைக்க வழி உண்டு. கோட்டு போட்டவருக்குக் கோட்டின் முதுகு தெரியாது. குன்வோர் திரும்பி நின்று, முதுகைச் சாய்க்கப் போனார்.

"சாயாதீங்க!" சிக்ஸ்டன்தான் கத்தினார்.

பொது இடத்தில் கத்துவது எங்கள் ஊரில் பொய் சொல்வதைவிடப் பெரிய குற்றம். வரிசை மொத்தமும் கண் திறந்தது. கோட்டுக்கும் சுவருக்கும் விரல் அகலம் இருக்க, குன்வோர் அப்படியே நின்றார்.

"ஏன்?"

சிக்ஸ்டன் தன் கறுப்புக் கோட்டின் கையைச் சுவரில் ஒரு இழுப்பு இழுத்துக் காட்டினார். மாவு மில்லில் வேலை பார்ப்பவர் கைபோல் இருந்தது.

"உள்ளறைக்கு அடிக்கிற வெள்ளை. தெரிஞ்சேதான் போட்டேன்."

பாதிரியார் மெல்ல விலகித் திரும்பினார். முதுகு முழுக்க வெள்ளை. நாய் மட்டும் அபிப்பிராயம் சொன்னது.

குன்வோர் 'தேறவில்லை' என்று எழுதிக் கையெழுத்திட்டார். பிறகு சுவர் நடுவிலிருந்த கறுப்புக் கதவைக் காட்டினார்.

"இது?"

"அதே பிசின்தான். ஆனா கரித்தூள் கலந்தது. வெயிலைக் கரியே வாங்கிக்கும், பிசினுக்கு விடாது."

"கோட்டுல ஒட்டாதே?"

"என் வேலையையே பந்தயம் கட்டுறேன்."

"அதத்தான் இப்பத் தோத்துட்டீங்களே."

இருந்தாலும் குன்வோர் கதவில் சாய்ந்தார். "அட, கதவு சூடா வேற இருக்கு!"

சிக்ஸ்டன் முதலாளிக்குச் சொல்லக் கைபேசியை எடுத்தார்.

"அப்புறம் சொல்லிக்கலாம்," என்றார் குன்வோர், கண்ணை மூடியபடியே. "இப்ப வாங்க. ரெண்டு பேருக்கு இடமிருக்கு."