மூன்றாம் மாடிக்குச் சற்றுக் கீழே

என் மனைவி மிக்சி கம்பெனியில் வேலை பார்க்கிறாள். மிக்சி வாங்கினால் பெட்டிக்குள் ஒரு சின்னப் புத்தகம் இருக்குமே, பிரித்துக்கூடப் பார்க்காமல் டிராயரில் போட்டுவிடுவோமே, அதை எழுதுகிறவள் அவள்தான். “இதெல்லாம் ஒரு எழுத்தா?” என்று ஒருநாள் சும்மா இருக்காமல் வாயைக் கொடுத்துவிட்டேன். அந்த வாரமே அவள் ஒரு மாலை வகுப்பில் சேர்ந்துவிட்டாள். கதையும் கவிதையும் இல்லாத எழுத்து எத்தனை வகை உண்டோ அத்தனையும் அங்கே சொல்லித் தருகிறார்களாம்.

அன்றைக்கு மூக்குக்கண்ணாடியை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போயிருந்தாள். அது இல்லாவிட்டால் அவளுக்கு நானும் அலமாரியும் ஒன்றுதான். கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வரலாமென்று கிளம்பினேன். கிளம்பும்போது ஒரு பெரிய பாட்டில் தண்ணீரை மடமடவென்று குடித்தேன். பிறகு நடந்த எல்லாவற்றுக்கும் அதுதான் காரணம்.

வகுப்பு மூன்றாம் மாடியில். லிஃப்ட் பழைய காலத்து ஆசாமி, உள்ளேயும் வெளியேயும் இழுத்து மூடும் கம்பிக் கதவு. என் பையின் வார் உள்கதவில் மாட்டியிருந்ததைப் பாதி வழியில்தான் கவனித்தேன். வெடுக்கென்று இழுத்தேன். வார் வரவில்லை, கதவுதான் இரண்டு விரல் திறந்தது. லிஃப்ட் நின்றுவிட்டது. மூன்றாம் மாடியின் தரை என் மூக்குக்கு நேரே இருந்தது. பதறிப்போய் ஒரு சிவப்புப் பொத்தானை அழுத்தினேன். அபாய மணி அடிக்கத் தொடங்கியது. நிற்கவேயில்லை. குடித்த தண்ணீரும் அப்போதுதான் தன் வேலையைக் காட்டியது.

கம்பிக்கு அப்பால் செருப்புகள் வந்து வரிசையாக நின்றன. மொத்த வகுப்பும் வந்துவிட்டது. நான் கத்தியது மணிச் சத்தத்தில் எனக்கே கேட்கவில்லை. வேறு வழியின்றி சுண்டுவிரலைத் தூக்கிக் காட்டினேன். பள்ளிக்கூடத்துப் பக்கம் ஒருநாள் ஒதுங்கியவனுக்குக்கூடப் புரிந்திருக்கும். வகுப்பு ஆசிரியர் குனிந்து பார்த்தார், புரிந்தது என்று தலையாட்டினார், எல்லோருக்கும் ஆளுக்கொரு தாள் கொடுத்தார். ஒவ்வொருவராக எழுதித் தரச் சொல்கிறேன் என்று அவருக்குப் புரிந்ததாம்.

கம்பி வழியாக உள்ளே வந்த முதல் தாள் பல் டாக்டருடையது. வர்ணனை. “கம்பிகளுக்குப் பின்னே ஒரு முகம். நெற்றியில் வியர்வை. வலது கடைவாய்ப் பல்லில் சொத்தை.” ஓரத்தில் ஆசிரியர் திருத்தியிருந்தார்: “நுட்பம். வாசனையையும் சேர்க்கலாம்.”

அடுத்தது செய்தி. பஸ் கண்டக்டர் எழுதியது. “இன்று மாலை லிஃப்டில் ஒருவர் சிக்கினார். அவர் ஒரு விரலைக் காட்டிவருவதாக நேரில் கண்டவர்கள் தெரிவித்தனர். காரணம் உடனடியாகத் தெரியவில்லை.”

நான் கால்களைப் பின்னிக்கொண்டு நின்றேன். வக்கீலம்மாவின் கட்டுரை வந்தது. லிஃப்டே தேவையில்லை என்பதற்கு மூன்று காரணங்கள். மூன்றாவது காரணம் நான். பிறகு ரிட்டயரான போலீஸ்காரரின் நினைவுக் குறிப்புகள், ஆறு தாள். “எனக்கும் ஒருமுறை இப்படித்தான். அன்று கொட்டோ கொட்டென்று மழை. தெருவெல்லாம் வெள்ளம்.” அந்த மனிதரை இந்த ஜென்மத்தில் மன்னிக்க மாட்டேன்.

கடைசியில் நான் வாங்கிக் கொடுத்த நீலச் செருப்பு தெரிந்தது. என் மனைவி தாளை மூக்கோடு ஒட்டிப் பிடித்தபடி குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். உள்ளே மாட்டியிருப்பவன் யாரென்றே அவளுக்குத் தெரியவில்லை. கண்ணாடியைக் கம்பி வழியாக நீட்டினேன். மாட்டிக்கொண்டு என்னைப் பார்த்தாள், பையைப் பார்த்தாள், எனக்குப் பின்னாலிருந்த சுவரைப் பார்த்தாள், சுண்டுவிரலைப் பார்த்தாள். இரண்டே நிமிஷத்தில் தாள் வந்தது. ஆசிரியர் திருத்தக் கை நீட்டினார், அவள் கொடுக்கவில்லை.

“1. பதற வேண்டாம்.
2. சிவப்புப் பொத்தானை வெளியே இழுக்கவும். மணி நிற்கும்.
3. பை வாரைக் கதவிலிருந்து எடுக்கவும். இழுக்கக் கூடாது, தூக்கி எடுக்கவும்.
4. கம்பிக் கதவை முழுவதும் மூடவும்.
5. மூன்றாம் எண்ணை அழுத்தவும்.
6. வெளியே வந்ததும் இடப்பக்கம் இரண்டாவது கதவு. தாழ்ப்பாள் மேலே இருக்கிறது.
குறிப்பு: பெரும்பாலானவை உங்கள் முதுகுக்குப் பின்னால் பலகையிலும் எழுதப்பட்டுள்ளன.”

லிஃப்ட் ஏறியது. கதவைத் திறந்ததும் ஆசிரியர் குறுக்கே வந்தார்.

“சார், ஒரு நிமிஷம். எல்லாத்தையும் படிச்சது நீங்க ஒருத்தர்தான். எது நல்லா இருந்துச்சுன்னு சொல்லிட்டுப் போங்க.”

“ஆறாவது,” என்று சொல்லிக்கொண்டே ஓடினேன். தாழ்ப்பாள் மேலேதான் இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் டிராயரைக் குடைந்து மிக்சிப் புத்தகத்தை எடுத்தேன். கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் அவள் எழுதியதை அன்றுதான் படிக்கிறேன். வெட்கமாக இருந்தது. ஏழாம் பக்கத்தில் எச்சரிக்கைகள். “ஓடும்போது மூடியைத் திறந்து எட்டிப் பார்க்க வேண்டாம்.” சமையலறைக் கூரையில் அந்தக் கறை இன்னும் இருக்கிறது. “ஈரக் காலுறையை உலர்த்த ஜாரைப் பயன்படுத்த வேண்டாம்.” “கழற்றி மாட்டிய பின் ஏதாவது திருகு மிஞ்சினால், அது தேவையில்லாத திருகு என்று முடிவு செய்ய வேண்டாம்.” மொத்தம் பதினான்கு. பதினான்கும் நான் செய்தவை.

“ஏய், இது பூரா நான்தானே?”

“பின்ன? இதெல்லாம் வேற யாருங்க செய்வாங்க?”

“அப்போ இது என் வாழ்க்கை வரலாறு.”

“ஆமா. ரெண்டு லட்சம் பிரதி போயிருக்கு,” என்றாள். “கவலைப்படாதீங்க, யாரும் படிச்சிருக்க மாட்டாங்க.”

“நான் படிச்சேன்,” என்றேன். “நல்லா எழுதியிருக்கே.”

அவள் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, புத்தகத்தை என் கையிலிருந்து வாங்கினாள். அடுத்த பதிப்புக்காகப் பதினான்குக்குக் கீழே பென்சிலால் எழுதினாள்: “15. இயக்கும் முன் அளவுக்கு மேல் தண்ணீர் ஊற்ற வேண்டாம்.”