‘ம்’ போதாது

1

நண்பனின் பதிவுத் திருமணத்துக்குச் சாட்சிக் கையெழுத்துப் போடப் போன இடத்தில் கிடைத்த கதை இது. எங்களுக்கு முன்னால் இன்னொரு ஜோடி. அவர்களைக் கேட்காமல்தான் எழுதுகிறேன். அந்த உறுத்தல் எனக்கு இருக்கிறது.

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘மணப்பெண் கலங்கிய கண்களோடு...’

இல்லை. அவள் அழவில்லை. எக்ஸ்ரே எடுப்பவள், மூச்சைப் பிடியுங்கள், விடுங்கள் என்று நாளெல்லாம் பிறருக்குச் சொல்கிறவள். அன்று அவளே மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

2

பதிவாளர் அம்மாவுக்கு ஐம்பது வயதிருக்கும். நெற்றியில் ஏற்றிவிட்ட கண்ணாடியை மேசையெல்லாம் தேடுகிற ஆள். ஆனால் படிவத்தில் ஒரு புள்ளி விட்டுப்போனாலும் கண்டுபிடித்துவிடுவார்.

[சட்டம் கேட்பது கொஞ்சம்தான். வயது, முப்பது நாள் அறிவிப்பு, மூன்று சாட்சி. இவற்றுக்குக் காகிதம் போதும். நான்காவதாக ஒன்று உண்டு; அதை இருவரும் வாய்திறந்து சொல்ல வேண்டும்.]

“உங்க முழு சம்மதத்தோடதான் இவரைக் கட்டிக்கிறீங்களா?”

“ம்.”

பதிவாளரின் பேனா நின்றது. “சத்தமா சொல்லும்மா.”

“ம்.”

பெண்ணின் அப்பா சிரித்து மழுப்பினார். “கூச்சம் மேடம். அவ எப்பவுமே அப்படித்தான். நிச்சயம் முடிஞ்சு மோதிரமும் மாத்தியாச்சு. இனிமே என்ன கேள்வி?”

“நிச்சயம்ங்கிறது வாக்குதான் சார். அதைக் காட்டி யாரையும் இந்த நாற்காலியில உக்கார வைக்க முடியாது. பொண்ணுகிட்ட தனியா அஞ்சு நிமிஷம் பேசணும்.”

3

இந்த அப்பாவை வில்லனாக்கி ஒரு பத்தி எழுதி வைத்திருந்தேன். நீக்கிவிட்டேன். கையில் மாலைப் பையைப் பிடித்துக்கொண்டு, எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்ற மனிதர் அவர்.

உள்ளறைக் கதவு சரியாகச் சாத்தவில்லை. நான் ஒட்டுக்கேட்டேன். (மறைக்க ஒன்றுமில்லை.)

“அவர் நல்லவர்தான் மேடம். வேண்டாம்னு சொல்ல எனக்கு ஒரு காரணமும் இல்ல.”

“வேண்டாம்னு சொல்லக் காரணம் எதுக்கும்மா? வேணும்னு சொல்றீங்களான்னுதான் நான் கேக்குறேன்.”



“இதுவரைக்கும் யாரும் என்னை இப்படிக் கேட்டதில்ல,” என்றாள்.

4

வெளியே வந்த பதிவாளர், “இன்னைக்கு இல்ல,” என்றார். “அறிவிப்பு இன்னும் ரெண்டு மாசம் செல்லும். அதுக்குள்ள எப்ப வேணும்னாலும் வாங்க. வராமலும் இருக்கலாம்.”

அப்பா மாலைப் பையைக் கீழே வைத்தார். மாப்பிள்ளையின் அக்கா குரலை உயர்த்தினாள். “எங்க தம்பிக்கு என்ன குறைச்சல்? நாலு பேருக்கு முன்னாடி இப்படி அசிங்கப்படுத்துறீங்களே!”

அப்போது மாப்பிள்ளை எழுந்தான். லிஃப்ட் பழுது பார்ப்பவன். அதுவரை அவனை நான் சரியாகப் பார்க்கவே இல்லை. என் முதல் வரைவில் அவனுக்கு ஒரு வசனம்கூடக் கிடையாது.

“நீ சும்மா இரு அக்கா,” என்றான். பிறகு பதிவாளரிடம், “மேடம், எனக்கும் அந்த அஞ்சு நிமிஷம் கிடைக்குமா?”

பதிவாளர் அவனை உள்ளே கூட்டிப்போனார். இந்த முறை கதவு நன்றாகச் சாத்தியிருந்தது.

5

திரும்பி வந்தவன் தன் வீட்டாரிடம் போகவில்லை. அவள் இருந்த பெஞ்சில், ஒரு ஆள் இடைவெளி விட்டு உட்கார்ந்தான். அவள் ஏதோ கேட்டாள். அவன் பதில் சொல்லத் தொடங்கினான்.

என்ன பேசினார்கள்? மூன்று உரையாடல்கள் எழுதினேன். ஒன்றில் இருவரும் சிரித்துப் பிரிகிறார்கள். ஒன்றில் அடுத்த வாரமே கையெழுத்துப் போடுகிறார்கள். மூன்றாவதில் அவன்...

மூன்றையும் அடித்துவிட்டேன். எங்கள் முறை வந்து, நான் உள்ளே போய்க் கையெழுத்துப் போட்டுத் திரும்பியபோதும் பேசிக்கொண்டுதான் இருந்தார்கள். இரண்டு வீட்டாரும் வாசலில் நின்றார்கள், யாரும் கூப்பிடவில்லை.

இதை எழுதும் இன்று, அந்த அறிவிப்பு செல்லும் காலம் முடிய இன்னும் பத்தொன்பது நாள் இருக்கிறது. அதுவரை இதை முடிக்கும் அதிகாரம் அந்த இருவருக்கு மட்டும்தான். உங்கள் மனதில் ஒரு முடிவு உருவாகியிருந்தால், தயவுசெய்து அதை அவர்களுக்காகக் கொஞ்சம் தள்ளிவையுங்கள்.