பத்து நிமிடம் கூட

ஷர்மினின் கெட்டிக்காரத்தனத்தைப் பற்றி யார் கேட்டாலும் 2007-இல் நடந்த இதைத்தான் சொல்வேன். கம்பத்தில் அப்துல் வாஹித் முதலாளியின் ஏலக்காய்க் கடையில் நான் லோடு அனுப்புகிறவன். அவள் கம்ப்யூட்டர் பார்க்க வந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது.

எங்கள் மெயிலோடு வைரஸும் போய்ச் சேர்ந்ததில் கொச்சி வியாபாரி கடுப்பாகிவிட்டார். ஆன்டிவைரஸ் போடும்வரை எங்கள் மெயிலைத் திறக்கமாட்டாராம்.

"நாலு மணிக்குள்ள முடிச்சிரு. இல்லாட்டி மதுரையில இருந்து ஆளு வந்துரும், நீ வேற வேலை பாத்துக்க" என்று ஷர்மினிடம் சொல்லிவிட்டார் முதலாளி.

அவள் ஆன்டிவைரஸை மெயில் சர்வரில் ஏற்றினாள். அது பாஸ்வேர்டு கேட்டது. கொடுத்தால் செல்லாது என்றது. புதுப் பெயர், புதுப் பாஸ்வேர்டு போட்டாள். அதுவும் செல்லவில்லை.

"தப்பா அடிக்கிற தங்கச்சி" என்று நான் வேறு நாட்டாமை செய்தேன்.

ஆன்டிவைரஸ் கம்பெனிக்குப் போன் போட்டாள். "அவுகளும் அதத்தான் சொல்றாக அண்ணே" என்றாள். முகம் வாடவில்லை. நானாக இருந்தால் கீபோர்டை உடைத்திருப்பேன்.

எல்லோருடைய பாஸ்வேர்டையும் சரிபார்ப்பது பக்கத்து அறையிலிருந்த பழைய சர்வர். அதே பாஸ்வேர்டை அதில் நேராகக் கொடுத்தாள், உடனே ஏற்றுக்கொண்டது. அப்படியானால் பாஸ்வேர்டில் குற்றமில்லை. இரண்டு சர்வரிலும் பதிவாகியிருந்த பிழைகளைத் தாளில் எடுத்து வரிவரியாகப் படித்தாள். மூன்றேகாலுக்கு நிமிர்ந்தாள்.

"அண்ணே, ஒரே பிழை அங்கன மூணு மணி, இங்கன மூணு பத்துன்னு இருக்கு. மணிய யாரு மாத்துனது?"

நான் முழித்த முழியிலேயே அவளுக்குப் புரிந்துவிட்டது. மலைக்குப் போகும் ஜீப்பைத் தவறவிடக்கூடாது என்று எங்கள் கடையில் எல்லாக் கடிகாரத்தையும் பத்து நிமிடம் கூட்டியே வைத்திருப்போம். மெயில் சர்வர் பிந்தி ஓடுகிறதே என்று முந்தின நாள் அதை மட்டும் நான்தான் திருத்தியிருந்தேன். ஐந்து நிமிடத்துக்கு மேல் மணி வேறுபட்டால் ஒரு மெஷின் சொல்வதை இன்னொன்று நம்பாதாம்.

மணியைக் குறைத்தாள். பாஸ்வேர்டு செல்லுபடியானது. நாலு அடிக்குமுன் கொச்சியிலிருந்து பதில் மெயில் வந்துவிட்டது.

"என்ன கோளாறு?" என்றார் முதலாளி.

"மெஷின்ல மணி தப்பா இருந்துச்சு மொதலாளி. சரி பண்ணிட்டேன்." என் பக்கம் திரும்பக்கூட இல்லை.

அவ்வளவு பெரிய மனசு எனக்குக் கிடையாது. ஆனால் வெட்கமாக இருந்தது. "நான்தான் மாத்துனேன் மொதலாளி" என்றேன்.

அவர் எழுந்துவிட்டார். "ஏலே, ஒன்னால இந்தப் பிள்ளைய அனுப்பப் பாத்தேனே. மொதல்ல நீ கெளம்பு."

"அண்ணே போயிட்டா நாளைக்கு லோடு யாரு அனுப்புவா மொதலாளி?" என்றாள் ஷர்மின்.

அவர் மறுபடி உட்கார்ந்தார். மதுரை ஆளை வரவேண்டாமென்று சொல்லச் சொல்லி, போனை எடுத்து அவளிடமே நீட்டினார்.