சாலிஹின் நான்கு கால்கள்

சாய்ந்தமருது சாலிஹ் ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுக் கடலுக்குப் போனவன். சுனாமி அவனுடைய தோணியைக் கொண்டுபோனது. அதன் பிறகு ஐந்து வருடம் பிறர் தோணியில் கூலிக்குப் போனான். சண்டை முடிந்து வீதித் தடைகள் எடுபட்ட மறுவருடம், கத்தார் கம்பனியொன்று பக்கத்து ஊரான கல்முனைக்கே ஆள் எடுக்க வந்தது. களஞ்சிய வேலை. பெருக்கிக் கணக்குப் பார்க்கவும், பெட்டியில் உள்ளதை வாசிக்கவும், ஆங்கிலத்தில் நாலு வார்த்தை கதைக்கவும் தெரிந்தால் போதும்.

“அந்த நாலு வார்த்தையும் என்னட்ட இல்லையே புள்ள” என்றான் மனைவி சுஹறாவிடம்.

“என்னட்ட இரிக்கு மச்சான். மூணு கிழமை தாங்க.”

சுஹறா சாதாரண தரப் பரீட்சையில் கணக்குக்கு ‘ஏ’ எடுத்தவள். மூன்று வாரமும் தீப்பெட்டிகளை அடுக்கிப் பெருக்கல் படிப்பித்தாள். பால்மா, சவர்க்காரம், பெனடோல் மாத்திரை என்று வீட்டில் எழுத்திருந்த எல்லாவற்றையும் வாசிக்க வைத்தாள். சாலிஹுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. தேத்தண்ணிக் கடையில் பிஸ்கட் பக்கெட்டை எடுத்துத் திகதியை உரத்து வாசித்து, கடைக்காரரிடம், “காக்கா, இது போன மாசமே முடிஞ்சிட்டு!” என்றான். அன்று அவனுக்குத் தேத்தண்ணி கிடைக்கவில்லை.

நேர்முகத் தேர்வு நாளில் மண்டபத்தில் எண்பது பேர். கேள்வி கேட்டவர் ஓர் எகிப்தியர். பக்கத்தில் முகவர் நிலையத்து அழகரெத்தினம்.

“உன்னைப் பற்றிச் சொல்லு” என்றார் எகிப்தியர் ஆங்கிலத்தில்.

சுஹறா பாடமாக்கித் தந்த ஐந்து வரிகளில் முதலாவது மட்டும் வந்தது. “மை நேம் இஸ் சாலிஹ்.” அதற்குப் பிறகு தலைக்குள் வெறுங்கடல். அப்போது எங்கிருந்தோ நாலாம் வகுப்புப் பசுமாட்டுக் கட்டுரை வந்து அவன் வாயைப் பிடித்துக்கொண்டது. “ஐ ஹேவ் ஃபோர் லெக்ஸ். ஐ ஈட் கிராஸ். ஐ கிவ் மில்க்.”



“தம்பி, உனக்கு நாலு காலாம், புல்லுத் தின்னுறியாம், பாலும் குடுக்கிறியாம் எண்டெல்லோ சொல்லிப்போட்டாய்!” என்று அழகரெத்தினம் தலையில் கை வைத்தார்.

எகிப்தியர் மேசையில் கவிழ்ந்து சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, மூலையில் அடுக்கியிருந்த பெட்டிகளைக் காட்டினார். “எத்தனை?”

அகலம் நாலு, உள்ளே மூன்று, உயரம் ஐந்து. அறுபது என்று நாக்கு நுனிக்கு வந்தது. முன்னால் வந்த எல்லோரும் அதைத்தான் சொல்லியிருந்தார்கள். சாலிஹ் அடுக்கைச் சுற்றிக்கொண்டு பின்னால் போனான். மேல் வரிசையில் இரண்டு இடம் வெறுமையாகக் கிடந்தது.

“ஃபிஃப்டி எய்ட்!” என்று கத்தினான். அத்தோடு விடவில்லை. “சேர், திஸ் பாக்ஸ் ராங்! திஸ் சைட் அப், பட் டவுன்!” மேலே பார்க்கவேண்டிய அம்புக்குறி ஒரு பெட்டியில் கீழே பார்த்துக்கொண்டிருந்தது. அவனே அதைத் தூக்கி நிமிர்த்தி வைத்தான்.

எகிப்தியர் எழும்பி வந்து அவன் கையைக் குலுக்கினார். “கால்கள் எத்தனையோ, கண்கள் நல்ல கண்கள்” என்று அவர் சொன்னதை அழகரெத்தினம் தமிழில் சொன்னார். பெயர் பட்டியலில் ஏறியது.

சைக்கிளை எப்படி மிதித்தான் என்று அவனுக்கே தெரியாது. வாசலிலேயே, “எடுபட்டிட்டன் புள்ள!” என்று கூவினான். பால் கொடுத்த கதையைக் கேட்ட சுஹறா, வயிற்றைப் பிடித்துக்கொண்டு நிலத்தில் இருந்துவிட்டாள். “யா அல்லாஹ், நான் படிப்பிச்சது இதையா மச்சான்!” இருவருக்கும் சிரித்துச் சிரித்து விக்கலெடுத்தது.

அஸர் தொழுகைக்குப் பிறகு முற்றத்தில் ஆறு மீனவர்கள் வந்து நின்றார்கள். அடுத்த மாதம் கம்பனி திரும்ப வருகிறதாம். தங்களுக்கும் படிப்பிக்க வேணுமாம்.

“கொப்பியும் பென்சிலும் வாங்கிட்டு நாளைக்கு வாங்க” என்றாள் சுஹறா.

வேலிக்கு அப்பாலிருந்து பக்கத்து வீட்டுக் கமீலா எட்டிப் பார்த்தாள். “பொம்புளைகளும் வரலாமா?”

“வாங்க, முன் வரிசையே உங்களுக்குத்தான்!”

சாலிஹ் வீட்டிலிருந்த பாய்களை எண்ணத் தொடங்கினான்.