முந்நூற்று அறுபது மில்லி விநாடி

கூட்டத்தில் நான்கு பேர். மேசையின் தலைப்பக்கத்தில் மருத்துவமனையின் பெரிய டாக்டர். அவருக்கு வலப்பக்கம், ஜன்னலோரம், இதய ஸ்கேன் எடுக்கும் டெக்னீஷியன். கதவை ஒட்டிய நாற்காலியில், எழுந்து ஓடத் தோதாக, இணைய லைன் கம்பெனி இன்ஜினீயர். அவருக்கு நேரெதிரே ஒப்பந்தப் பிரிவு எழுத்தர். ஒரு காற்புள்ளி பிசகினாலும் விடமாட்டாள் என்பதால் அங்கே எல்லோருக்கும் அவள் கமா அக்கா.

அவள் முன்னால் ஒட்டாத உறை. உள்ளே ஒப்பந்த ரத்துக் கடிதம். டாக்டர் கையெழுத்துதான் பாக்கி.

விஷயம் இதுதான். இங்கே குழந்தையின் மார்பில் டெக்னீஷியன் கருவியை நகர்த்த, கடல் கடந்த ஊரிலிருக்கும் இதய நிபுணர் படத்தைப் பார்த்து "இடது, மேலே" என்பார். படம் போய்ப் பேச்சு திரும்ப நூற்றைம்பது மில்லி விநாடிக்கு மேல் ஆகக்கூடாது என்பது ஒப்பந்தம். போன செவ்வாய் மூன்று மணி நேரம் அது முந்நூற்று அறுபது ஆகிவிட்டது. ரத்துச் செய்தால் புது லைன் வர ஒன்றரை மாதம். வரிசையில் பதினோரு குழந்தைகள். கண்டும் காணாமல் விட்டாலோ ஒப்பந்தம் வெறும் காகிதம். இரண்டு நாளாக அவளுக்கு எதிலும் மனசு ஒட்டவில்லை.

"அங்கேருந்து அந்த டாக்டர் 'நிறுத்து'ங்கிறதுக்குள்ள என் கை தாண்டிப் போயிடுச்சு சார். குழந்தை அழ, அதோட அம்மா அழ, நானும் அழாத குறை," என்றான் டெக்னீஷியன்.

இன்ஜினீயர் ஒரு தாளை அவள் பக்கம் தள்ளினார். "அன்னிக்குக் கடலுக்கடியில கேபிள் அறுந்துபோச்சு மேடம். படம் மறுபக்கமா சுத்திப் போச்சு."

"மறுபக்கம்னா? அடுத்த தெருவா?"

"பூமிக்கு மறுபக்கம்."

அவள் விரல் வைத்து வரி வரியாகப் படித்தாள். சிக்னல் தொட்ட ஒவ்வொரு நிலையமும், அதுவரை ஆன நேரமும் அதில் இருந்தன. நான்கு. பத்தொன்பது. எண்பத்தெட்டு. கிழக்கே போகவேண்டியது மேற்கே திரும்பி, பெருங்கடல்களைத் தாண்டி... விரல் நின்றுவிட்டது. ஒரு கைக்குழந்தையின் இதயத்துடிப்பு உலகத்தை ஏறக்குறைய முழுசாகச் சுற்றிப் போய், பதிலையும் வாங்கிக்கொண்டு வந்த வழியே திரும்பியிருக்கிறது. அவள் ஒருமுறை கண்ணை மூடித் திறந்தாள். அவ்வளவுதான் நேரம். இதையா ரத்துக் கடிதத்தில் 'பெருந்தாமதம்' என்று தடித்த எழுத்தில் அடித்து வைத்தோம்?

"அம்மாடி," என்றாள். ஆபீசில் அவள் வாயிலிருந்து அப்படி ஒரு சொல்லை அதுவரை யாரும் கேட்டதில்லை.

பிறகு கண்ணாடியைச் சரிசெய்துகொண்டாள். "சரி, எங்களுக்கு ஏன் சொல்லலை?"

"லைன் நின்னா மட்டும் சொல்லணும்னுதான் இருக்கு. நிக்கலையே மேடம். பிரிவு ஒன்பது. நீங்க எழுதினது."

பெரிய டாக்டர் வராத இருமலை இருமினார்.

"தெரிஞ்சிருந்தா கையை மெதுவா ஓட்டியிருப்பேனே அக்கா!" என்றான் டெக்னீஷியன்.

அவள் ரத்துக் கடிதத்தை நான்காகக் கிழித்தாள். புதுத் தாளில் கையாலேயே எழுதினாள்: மீறல் மீறல்தான், பதிவாகிறது. ஒப்பந்தம் தொடர்கிறது. இனிப் பாதை மாறினால் ஐந்து நிமிடத்துக்குள் ஸ்கேன் அறைக்குப் போன் வரவேண்டும். பிரிவு ஒன்பதில் இது விடுபட்டது என் பிழை.

"கடைசி வரி வேணுமாம்மா?"

"வேணும் சார்."

டாக்டர் கையெழுத்திட்டார். இன்ஜினீயர் கையை நீட்டினார். "எதிர்லதானே உக்காந்திருக்கேன், குடுங்க."

"பிரிவு பதினாறு. கடிதம் எல்லாம் பதிவுத் தபால்லதான்."

"பத்து தெரு தள்ளி இருக்கிற எங்க ஆபீசுக்கா? ரெண்டு நாள் ஆகுமே மேடம்!"

"ஆகட்டும்." உறையின் விளிம்பில் பசை தடவி, கட்டைவிரலால் அழுத்தி ஒட்டி, முத்திரை குத்தினாள். இன்ஜினீயர் தந்த பாதைத் தாளை மட்டும் மடித்துத் தன் கைப்பையில் வைத்துக்கொண்டு, கடிதத்தைத் தபாலில் சேர்க்கத் தானே கிளம்பினாள்.