இரண்டு தட்டு மண்

...இல்லை, எலியாக இருக்காது, எலி எங்கேயாவது மண்ணைத் தின்னுமா, சாயப்பட்டறைச் சோதனைக்கூடத்தில் கண்ணாடிக் குடுவையைப் பார்த்தபடி நின்றாள் அவள், சாயத்தை உறிஞ்ச அவள் போட்ட களிமண் மெல்ல அடியில் இறங்கிக்கொண்டிருந்தது, சற்றுமுன் அடர்மஞ்சளாக இருந்த கழிவுநீர் மேலே தெளிந்துவிட்டது, "அக்கா கை பட்டா சாக்கடையும் பன்னீராயிடும்" என்று முதலாளி ஊரெல்லாம் பீற்றிக்கொள்கிறார், ஆமாம், பெரிய பன்னீர்! சாயம் எங்கே போச்சு என்று அந்த மனுஷர் ஒருநாளாவது கேட்டிருப்பாரா, எங்கேயும் போகவில்லை, மண்ணுக்குள்தான் உட்கார்ந்திருக்கிறது, அந்த மண்ணை மறுபடி பயன்படுத்த முடியுமா பார்க்கலாம் என்றுதானே வீட்டு மொட்டைமாடியில் காயவைத்தாள், ஒரு தட்டில் புது மண், ஒரு தட்டில் சாயம் குடித்த மண், இரண்டும் மஞ்சள், காய்ந்தபின் அவளைத் தவிர யாருக்கு வித்தியாசம் தெரியும், ஒரு சீட்டு எழுதி ஒட்ட என்ன கேடு... காலையில் பார்த்தால் இரண்டிலும் கட்டிகள் குறைந்திருக்கின்றன.

வீட்டில் இருப்பது மகள் மட்டும்தான், ஐந்து மாதக் கர்ப்பிணி, சோற்றைக் கண்டாலே குமட்டுகிறது என்கிறாள், ஆனால் துணி எடுக்கப் போகிறேன் என்று மாடிக்கு மட்டும் ஓடுகிறாள், துணி காயப்போடாத நாளிலும்... நகக்கண்ணில் மஞ்சள் இருந்ததே, சமையல் கறை என்று விட்டுவிட்டாளே, இவளை வயிற்றில் சுமந்தபோது அவளே சுவரைச் சுரண்டித் தின்றவள், யாருக்கும் தெரியாமல், இந்தப் பாழும் புத்திக்கு அது இன்றைக்கா உறைக்க வேண்டும். போனை எடுத்தாள்.

"மாடியில இருக்குற மண்ணைத் தின்னியாடி?"

மறுமுனையில் வெட்கச் சிரிப்பு. "திட்டாதம்மா... பத்து நாளாத்தான்."

"எந்தத் தட்டு?"

"அதெல்லாம் யாரு பார்த்தா? ஒண்ணு சப்புனு இருந்துச்சு, துப்பிட்டேன். இன்னொண்ணு லேசாப் புளிக்குதும்மா, வாய்க்கு அவ்வளவு நல்லா இருக்கு."

புது மண்ணுக்குப் புளிப்பு ஏது, சாயம் துணியில் ஏறத் தொட்டியில் அமிலம் ஊற்றுகிறார்கள், அந்தப் புளிப்பு... "என்னம்மா, லைன்ல இருக்கியா?" என்கிறாள் மகள், இருக்கிறாள், உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பு என்று சொல்லத்தான் வாயெடுக்கிறாள், அங்கே முதலில் என்ன சாயம் என்றுதானே கேட்பார்கள், அலமாரியில் இருக்கும் டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறாள், மஞ்சள், நம்பர் ஏழு, அவ்வளவுதான் எழுதியிருக்கிறது, இரண்டு வருஷமாகத் தண்ணீரிலிருந்து இதைப் பிரித்தெடுக்கிறாள், இது என்னவென்று அவளும் ஒருநாள்கூடக் கேட்டதில்லை...